பொட்டை அழித்த மென்பொருள்

மாத்தளையில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். இரத்தோட்டை லோகேஸ்வரி அக்கா, கணவரின் அறுபதாம் கல்யாணத்தன்று அவரோடு வந்து படம் எடுத்துக்கொண்டார். கறுப்பு வெள்ளையில்தான் வேண்டும் என்றார்.

கேமராவில் எந்த மாற்றமும் இல்லாமல் வண்ணத்தில் பதிவான ‘ரா’ (RAW) கோப்பைக் கறுப்பு வெள்ளையாக மாற்ற மூன்று மென்பொருள்களை ஒப்பிட்டு இரண்டு நாளை வீணாக்கினேன். ஒன்றில் முகம் கரியானது. இன்னொன்றில் வேட்டி மடிப்பே தெரியவில்லை. மூன்றாவதில் சிவப்பு நிறத்தை வெளிச்சமாக்கியதும் அக்காவின் முகம் பளிச்சென்று வந்தது. அப்பாடா என்று அச்சிட்டு, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாளே படத்தோடு வந்து நின்றார்.

“எங்க வீட்டுக்காரரு குத்துக்கல்லாட்டம் இருக்கிறப்போ என் பொட்டை ஏன் தம்பி அழிச்சீங்க?”

பார்த்தேன். முகத்தோடு சேர்ந்து குங்குமமும் வெளுத்து, கணவர் பக்கத்தில் வெறும் நெற்றியோடு நின்றார் அக்கா.

பதற்றத்தில், “கண்ணாடி மேல குங்குமம் வச்சுத் தர்றேன்க்கா” என்று உளறிவிட்டேன்.

“அது செத்தவங்க படத்துக்கு வைக்கிறது!” என்று கத்தினார்.

திருத்தி அச்சிட்டுக் கொண்டுபோனேன். வாங்கவே இல்லை. “கலர்ல போட்டுக் குடுங்க” என்று கதவைச் சாத்திவிட்டார்.

மென்பொருளை எவ்வளவோ திட்டினேன். ஆனால் ரா கோப்பில் பொட்டு பத்திரமாகத்தான் இருந்தது. முகத்தை வெள்ளையாக்க ஆசைப்பட்டது நான்.

இப்போது யார் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினாலும், வண்ணப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலில் நெற்றியைப் பார்க்கிறேன். முகம் கறுத்தால் கறுக்கட்டும்.