வாரம் ஒரு வெயில்

என் மனைவி பல வருடமாகத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவளுக்கு வைட்டமின் டி குறைவு என்று ஹட்டன் டாக்டர் சொன்னதும் சிரித்துவிட்டேன். நாள் முழுக்க வெளியில் நிற்பவளுக்கா வெயில் பஞ்சம்?

"தலையில துண்டு, முழுக்கைச் சட்டை, அதுக்கு மேல பனி. வெயில் எங்க படும்?" என்றார் டாக்டர். அவளுடைய இடுப்பு வலிக்கும் அதுதான் காரணமாம்.

டாக்டர் தந்த வைட்டமின் குளிசைகளைக் கொடுக்கும் பொறுப்பை நான் ஏற்றேன். முன்பு பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது மருத்துவமாது தந்த இரும்புச்சத்துக் குளிசையைப் போல, இதையும் தினமும் காலைத் தேத்தண்ணியோடு நீட்டினேன். அது தேன்சொட்டு மாதிரி மின்னும். அவள் உள்ளங்கையில் குட்டிச் சூரியனை வைப்பதாக எனக்குள் ஒரு மிதப்பு.

ஐந்தாம் நாள்தான் குளிசை உறையில் எழுதியிருந்ததை வாசித்தேன். வாரத்துக்கு ஒன்று.

மூச்சிரைக்க மலையேறினேன். பனிக்குள் கூடைகளும் தலைத்துண்டுகளும் மட்டும் மிதந்தன. யார் யாரென்று தெரியாமல் இரண்டு பெண்களிடம், "உயிரோட இருக்கியா புள்ள?" என்று கேட்டுத் தொலைத்தேன். மூன்றாவதுதான் அவள். உறையை நீட்டிக் காட்டினேன்.

"நீங்க சிரிச்சிக்கிட்டு இருந்தப்பவே டாக்டரு சொல்லிட்டாருங்க, வாரத்துக்கு ஒன்னுன்னு. மத்ததெல்லாம் சீனி டப்பால கெடக்கு."

"அப்ப ஏன் தெனமும் கையை நீட்டுன?"

"தேத்தண்ணியும் சேர்த்துல்ல குடுத்தீங்க. சொன்னா நிப்பாட்டிருவீங்களே."

பனி கொஞ்சம் விலகி வெயில் விழுந்தது. அவள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கொழுந்தைக் கிள்ளினாள். நான் அந்த வெயிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.