ஐந்தாவது சட்டை

நான் ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற ஆள் இல்லை. பிறகு எதற்கு இந்த ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டேன் என்று இன்று வரை எனக்கே விளங்கவில்லை. நானூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்தில் சாதாரண ஜனங்கள், அதிலும் கூலிக்கும் வீட்டு வேலைக்கும் போன பெண்கள், தினமும் என்ன உடுத்தினார்கள் என்பது என் தலைப்பு. மரக்காணத்தில் உப்பளத்தைப் பார்த்தாற்போல் இருக்கும் எங்கள் வீட்டில், ஃபேனுக்குக் கீழே லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவர்களுடைய உயில்களைப் படிப்பேன். ஐந்து வரி படித்தால் எழுந்துவிடுவேன். தண்ணீர் குடிப்பேன், ஈசிஆர் ரோடு வரை நடந்து போய் பஸ்களைப் பார்த்துவிட்டு வருவேன், மறுபடியும் அதே ஐந்து வரியில் வந்து உட்காருவேன்.

அந்தக் காலத்துக் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். முதல் வருஷம் முழுக்க எழுத்துக் கூட்டிப் படிப்பதிலேயே போயிற்று. பழகிவிட்டால் விட முடியாது. அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கிற ஆசைதான் அது. அங்கே ஒருவர் செத்துப்போனால் அக்கம்பக்கத்தார் இரண்டு மூன்று பேர் வந்து, அறை அறையாகப் போய், இருக்கிற சாமானையெல்லாம் எழுதுவார்கள். கட்டில், அண்டா, ஆடு, வைக்கோல் எல்லாம் தனித்தனியாக வரும். துணிக்கு மட்டும் பெரும்பாலும் ‘அவருடைய உடுப்புகள்’ என்று ஒரே வரி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிறம் என்ன, எந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது, அதைச் சொன்னால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று ஸ்கிரீனைப் பார்த்துத் திட்டியிருக்கிறேன்.

பெண்கள் எழுதிவைத்த உயில்கள் கொஞ்சம் பரவாயில்லை. நல்ல சிவப்புப் பாவாடை தங்கைக்கு, அதற்கு அடுத்தது அண்ணன் மகளுக்கு, தினம் உடுத்தியது வேலைக்காரிக்கு என்கிற ரீதியில் பங்கு பிரித்திருப்பார்கள். வேலைக்காரியிடம் போய்ச் சேர்ந்த பாவாடை அதற்குப் பிறகு எங்கே போனது என்று யாரும் எழுதவில்லை. பெரிய மனுஷர்களின் பூவேலைக் கையுறையும் ஜரிகைச் சட்டையும் மியூசியத்தில் பத்திரமாக இருக்கின்றன. பாத்திரம் கழுவியவளின் துணி கிடைப்பது அபூர்வம். என் மூன்றாவது அத்தியாயத்தில் ‘அவை உழைத்துத் தேய்ந்து போயின’ என்று ஒரு வரியில் முடித்திருந்தேன். பாண்டிச்சேரியில் இருக்கும் என் கைடு மேடம் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, ‘எப்படித் தெரியும்?’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். இரண்டே வார்த்தை, என்னை ஒரு மாதம் உட்காரவிடவில்லை.

அப்பாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. அவரும் அம்மாவும் உப்பளத்தில்தான் வேலை. டீக்கடையில் யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், “எம் பொண்ணு லண்டன்காரங்களுக்குத் துணி வெளுக்குது” என்பார். வீட்டுக்கு வந்து என்னிடமே கேட்பார்: “இன்னிக்கு எத்தினி பாவாடை எண்ணுன?” நான் எரிந்து விழுவேன். அவர் சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றிப் பின்கட்டு ஆணியில் மாட்டுவார்.

அந்தச் சட்டைகளைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் உப்பளத்தில் வேலை செய்கிற பெண்கள் புடவைக்கு மேலே ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வார்கள். வெயிலுக்கும் உப்புக்கும் அதுதான் தோலைக் காப்பாற்றும். புருஷன் சட்டை, இல்லாவிட்டால் அண்ணன் தம்பி சட்டை. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு வரிசை இருந்தது. புதுச் சட்டையை அப்பா கல்யாணம் காட்சிக்குப் போடுவார். காலர் நைந்ததும் அது வேலைச் சட்டை. முழங்கையில் நூல் தெரிந்ததும் அம்மாவுக்கு வரும். அம்மா கிழியக் கிழிய ஒட்டுப் போட்டுப் போடுவாள். இதைப் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள்கூட இதை ஆராய்ச்சியோடு சேர்த்து யோசித்ததில்லை. இங்கிலாந்தில் யாருடைய பாவாடை யாருக்குப் போனது என்று தேடுவதற்கே எனக்கு நேரம் போதவில்லை.

ஆவணி கடைசியில், உப்பு வாரும் வேலை முடிகிற சமயத்தில், அப்பா இறந்துபோனார். காலையில் உப்புப் பாத்தியில் நின்று வேலை செய்தவர், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நெஞ்சு அடைக்கிறது என்றார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

செத்தவர் துணி வீட்டில் தங்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். காரியத்தன்று எல்லாவற்றையும் மூட்டை கட்டி, வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். அம்மா உட்கார்ந்து வேஷ்டி, லுங்கி, சட்டை என்று ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள். மாமா, அம்மாவின் தம்பி, மூட்டை கட்டக் காத்திருந்தார். அவர்களுக்கு முன்னாலேயே நான் பின்கட்டுக்குப் போய், ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துத் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டேன். கடைசி நாள் அவர் போட்டிருந்த சட்டை, நீலக் கோடு போட்டது. முதுகில் வேர்வை காய்ந்து வெள்ளையாக வரி ஓடியிருந்தது. முழங்கையில் நூல் தெரிய ஆரம்பித்திருந்தது. அது அடுத்து அம்மாவுக்கு வர வேண்டிய சட்டை என்பது அப்போது என் மண்டையில் ஏறவே இல்லை.

ஆராய்ச்சிக்காக எடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலைத் துணி ஒன்று முழுசாக, உடுத்தியவர் யாரென்று தெரிந்து கையில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம். மியூசியக்காரர்களின் குறிப்புகளைப் படித்திருக்கிறேன் அல்லவா? பழைய துணியைத் துவைக்கக் கூடாது, அழுக்கும் ஒரு சாட்சி என்பார்கள். அதன்படி துவைக்காமல் மடித்து, ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, என் புத்தக அலமாரியில் பின் வரிசையில் செருகிவைத்தேன். இங்கிலாந்தில் பழைய வீடுகளை இடிக்கும்போது சுவருக்குள் ஒளித்துவைத்த செருப்போ துணியோ சில சமயம் கிடைக்கும். வைத்தவர் மனதில் என்ன இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. என் மனதில் இருந்ததைச் சொல்கிறேன். எனக்கு அப்பா வேண்டும். வேறு யாருக்கும் பங்கு கொடுக்காமல் எனக்கு மட்டும் வேண்டும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பாத்தியெல்லாம் ஏரியாகிவிட்டது. அம்மாவுக்கு வேலை இல்லை. இரண்டு பேரும் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தோம். அவள் ஒரு பாத்திரத்தையே மூன்று தடவை விளக்குவாள். நான் ஒரு பக்கத்தையே மூன்று தடவை படிப்பேன். அலமாரிப் பக்கம் அவள் போனாலே எனக்குப் பதறும். “இன்னாம்மா வேணும், நான் எடுத்துத் தர்றேன்” என்று குறுக்கே போய் நிற்பேன். “பெருக்கத்தாண்டி வந்தேன்” என்பாள். விளக்குமாற்றைப் பிடுங்கி நானே பெருக்குவேன். ஜென்மத்தில் பெருக்காதவள் பெருக்கினால் யாருக்கும் சந்தேகம் வரும், அதுகூட எனக்குத் தோன்றவில்லை.

தை பிறந்ததும் பாத்திகளை மிதித்துச் சரிசெய்யக் கூப்பிட்டார்கள். அம்மா கிளம்பினாள். அவள் ஒட்டுப் போட்டுப் போட்டுக்கொண்டிருந்த அப்பா சட்டையும் அந்த மூட்டையோடு போயிருந்ததால், மாமாவின் சட்டை ஒன்றைப் போட்டிருந்தாள். மாமா ஆள் வாட்டசாட்டம். தோள் இரண்டு பக்கமும் இறங்கி, கை விரலைத் தாண்டித் தொங்கியது. மடித்துவிட்டாலும் நிற்காது. மாசியில் உப்பு வாரத் தொடங்கியபோது, கையை மடித்து மடித்து, அது அவிழ்ந்து அவிழ்ந்து, உப்புத் தண்ணீரில் நனைந்து மணிக்கட்டில் உராய்ந்து புண்ணாகிவிட்டது.

“வேற யார்கிட்டயாவது பழைய சட்டை வாங்கிக்கலாமேம்மா” என்றேன்.

“எவனோ போட்டதையா? இருக்கட்டும், இது போதும்.”

மணிக்கட்டில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். நான் அலமாரியைப் பார்த்தேன். எழுந்து போய் எடுத்துக் கொடுத்திருந்தால் அரை நிமிஷ வேலை. அதை மறைத்து வைத்திருந்தேன் என்று சொல்ல வேண்டுமே என்கிற வெட்கம் ஒரு பக்கம். அவள் போட்டால் இரண்டு மாதத்தில் நார்நாராகிவிடும் என்கிற பயம் இன்னொரு பக்கம். அதற்குப் பிறகு எனக்கு என்ன இருக்கும்? சாப்பிடாமல் ரோட்டுக்குப் போய் நின்றேன். பாண்டி பஸ் நான்கு போகிற வரைக்கும் நின்றேன். திரும்பி வந்தபோது அம்மா தூங்கியிருந்தாள்.

அப்படியே பங்குனி வந்தது. ஒருநாள் விடியற்காலையில் அவள் வேலைக்குப் போன பிறகு, இன்றைக்கு எடுத்துக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து கவரை வெளியே எடுத்தேன். எடுத்ததுமே தெரிந்துவிட்டது. கவருக்குள் தண்ணீர் கோத்திருந்தது. ஜிப்பைத் திறந்ததும் பூஞ்சை நாற்றம் மூக்கில் அடித்தது. நீலக் கோடெல்லாம் கறுப்புப் புள்ளி. பிரித்தபோது மடிப்பு இருந்த இடங்களில் துணி விரலோடு வந்தது.

மழைக்காலத்தில் உப்பு ஈரத்தை இழுக்கும். ஜாடியைத் திறந்து வைத்தால் ஒரே ராத்திரியில் கஞ்சியாகிவிடும். உப்பளத்தில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். உப்பும் வேர்வையும் ஊறிய சட்டையைத் துவைக்காமல் மடித்து, மழைக்கு முன்னால் காற்றுப் போகாத பிளாஸ்டிக்கில் அடைத்து வைத்தவள் நான். குளிர்ந்து காய்ந்த ஊரில் இருக்கிற மியூசியத்துக்கு எழுதிய விதியை மரக்காணத்தில் கடைப்பிடித்திருக்கிறேன். இத்தனை படித்து என்ன பிரயோஜனம் என்று என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

சோப்பு போடாமல் மூன்று வாளித் தண்ணீரில் அலசினேன். உப்பு போயிற்று, முதுகில் இருந்த வெள்ளை வரியும் போயிற்று. கறுப்புப் புள்ளி போகவில்லை. பிழியப் பயந்து அப்படியே கொடியில் போட்டேன். அம்மா வருவதற்குள் காய்ந்துவிடும், எடுத்து ஒளித்துவிடலாம் என்கிற திருட்டுப் புத்தி அப்போதும் இருந்தது. சொட்டிக்கொண்டிருந்ததைக் கிணற்றுக்கும் கொடிக்குமாக நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று லாரி வரவில்லை என்று சீக்கிரமே விட்டுவிட்டார்கள். கேட் சத்தம் கேட்டுத் திரும்பினால் அம்மா நிற்கிறாள். கொடியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. கிட்டே வந்து காலரைத் தொட்டாள்.

“காஞ்சிடுச்சா?” என்றாள்.

நான் குனிந்து காலி வாளியை எடுத்தேன்.

“அன்னிக்கு நாலு சட்டைதான் மடிச்சேன். ஆணி காலியா இருந்துச்சு. நீதான் எடுத்திருப்பேன்னு தெரியும்.”

“ஏம்மா கேக்கல?”

“இன்னான்னு கேக்கறது? உனக்கும் அப்பாதானே. கொஞ்ச நாள் வச்சிருந்துட்டு நீயே குடுத்துருவன்னு இருந்தேன்.”

வேலை ஆரம்பித்ததிலிருந்து, மணிக்கட்டில் புண்ணோடு அவள் எனக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அம்மா மாமா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, அப்பாவின் சட்டையை ஈரத்தோடு எடுத்துப் போட்டுக்கொண்டாள். தோள் கச்சிதமாக உட்கார்ந்தது. பொத்தான் போடக் கையை மடக்கினாள். முதுகில் மேலிருந்து கீழ் வரை கிழிந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. இன்னொரு கையை அசைத்ததும் அந்தத் தோளும் பிரிந்தது.

அவள் அசையாமல் நின்றாள். நான் அழுதேன். தைத்துத் தருகிறேன், ஊசி கொண்டுவருகிறேன், டெய்லரிடம் கொடுத்து உள்ளே துணி வைக்கச் சொல்கிறேன் என்று ஏதேதோ சொன்னேன். “நூலு நிக்காதுடி, துணியே இல்ல” என்றாள். மெதுவாகக் கழற்றினாள். இரண்டாகக் கிடந்த முதுகை அடியிலிருந்து பிடித்து, நீளவாக்கில் கிழிக்கப் போனாள். உப்புக் கூடையைத் தூக்குகிறவர்கள் தலையில் சும்மாடு வைக்க இப்படித்தான் துணியைக் கிழித்துச் சுருட்டுவார்கள்.

“கிழிக்காதம்மா” என்று கத்தியேவிட்டேன். பாய்ந்து மறுநுனியைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் கோபப்படவில்லை.

“ஆறு மாசம் நீ வச்சிருந்த” என்றாள். “ஒரு வாரமாவது எனக்கு இருக்கட்டும்.”

நான் என் பக்கத்து நுனியை விட்டேன்.