மேவிஸின் வாசலை அடைத்த வரிசை

மேவிஸ் டக்கெட் பேராலயத் தெருவில் கறிக்கடை நடத்துகிறவள். கடை மாடியில் பிறந்து, கீழே வெட்டப் பழகி, அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் கத்தியைத் தன் கையில் வாங்கிக்கொண்டவள். கல்யாணத்தன்றுகூட மத்தியானம்வரை கடை திறந்திருந்தது. ஊருக்கு வெளியே சூப்பர்மார்க்கெட் வந்தபோதும் அவள் அசரவில்லை. அவளைச் சாய்த்தது பால்மிட்டாய்.

பக்கத்துச் செருப்புக் கடையை எடுத்து ஜூலியன் என்பவன் 'பழங்காலப் பால்மிட்டாய்க் கடை' போட்டான். பழங்காலமாம்! போர்டில் பெயின்ட் வாசம்கூடப் போகவில்லை. பேராலயக் கோபுரத்தைப் பார்த்து முடித்த சுற்றுலாக் கூட்டம் நேரே அங்கேதான் வரும். வரிசை மேவிஸின் கதவை அடைத்துக்கொண்டு ஆலயத்தின் நுழைவு வளைவுவரை நிற்கும். இந்த ஊர்க்காரர்களோ ஒரு வரிசைக்குள் புகுந்து போவதைவிடப் பட்டினி கிடப்பதே மேல் என்பார்கள். சனிக்கிழமைதோறும் அவளிடம் ஈரல் வாங்கும் கிழவர் வில்ஃப், வரிசையின் வாலில் போய் நின்று, மழையில் நனைந்து, பால்மிட்டாய்ப் பொட்டலத்தோடு வீடு திரும்பினார். மேவிஸ் கண்ணாடி வழியே அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சனிக்கிழமை வியாபாரம் போனால் கடையே போன மாதிரிதான்.

வரிசையை அந்தப் பக்கம் திருப்பச் சொல்லி ஜூலியனிடம் நல்லவிதமாகத்தான் கேட்டாள். இந்தப் பக்கம் நின்றால்தான் வருகிறவர்கள் எடுக்கும் படத்தில் கோபுரம் விழும் என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை, ரத்தம் தோய்ந்த ஏப்ரனோடு வந்து, தன் கடை வாசலுக்கு மேலே ஒரு முழுப் பன்றித்தலையை மாட்டினாள். யார் படம் எடுத்தாலும் அதில் பன்றி விழுந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை. பன்றியிடமே மன்னிப்புக் கேட்கிறவர்கள் போல முணுமுணுத்துக்கொண்டு, வரிசை மொத்தமும் தெருவின் எதிர்ப்பக்கம் நகர்ந்தது. கூடவே வில்ஃபும் நகர்ந்தார்.

மேவிஸ் தெருவைக் கடந்து போனாள். சட்டையைப் பிடிக்காத குறை.

"யோவ் வில்ஃப், கதவு அகலத் திறந்து கெடக்கு. உனக்கு எடுத்து வச்ச ஈரல் காயுது. இங்க என்னய்யா பண்ற?"

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "முன்னெல்லாம் உன் கடைல எத்தன பேர் நிப்பாங்க மேவிஸ். மழை, வெயில்னு எதையாச்சும் பேசிக்கிட்டே நிப்போம். இப்ப உள்ள வந்தா நீ உடனே வெட்டிக் குடுத்துடுற. நேரா வீடு. அங்க யாரு இருக்கா?" கொஞ்சம் தயங்கினார். "ஈரல் எனக்கு என்னைக்குமே புடிக்காது."

மேவிஸ் திரும்பி வந்தாள். வாசல் அடைப்பில்லாமல், யாரும் வரலாம் என்று காலியாகக் கிடந்தது. கத்தியை எடுத்து, யாரும் கேட்காத ஓர் எலும்பின்மேல் ஓங்கிப் போட்டாள்.