பாதியில் நிற்கும் பாட்டு

எங்கள் வீட்டுக் கீபோர்டுக்கு என்னைவிடப் பொறுமை அதிகம். அடுத்து அழுத்த வேண்டிய கட்டையில் சிவப்பு விளக்கு எரியும். பிள்ளை அழுத்தும்வரை பாட்டு நகராது. நோர்வேயில் பிறந்த என் மகள் நடுவில் எழுந்துபோய், பால் குடித்து, தொலைக்காட்சியும் பார்த்துவிட்டு வருவாள். விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருக்கும். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதே போல ஒன்றைப் பழுகாமத்தில் இருக்கும் அக்காவின் மகள் வதனிக்கு, ஊருக்குப் போனவரிடம் கொடுத்தனுப்பினேன். அங்கே மின்சாரம் இல்லையென்று புத்திசாலி மாதிரிப் பற்றரிகளையும் வைத்தேன். வாவிக்கு அப்பாலுள்ள பழுகாமம் இயக்கத்தின் பகுதி என்று, அங்கே பற்றரி கொண்டுபோக இராணுவத் தடை. வவுணதீவுச் சோதனைச் சாவடியில் எத்தனையோ தடவை பையைக் கொட்டிக் காட்டிய நானே அதை மறந்துபோனேன். கீபோர்டை விட்டார்கள், பற்றரிகளை எடுத்துக்கொண்டார்கள். மச்சான் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ரேடியோவுக்குச் செய்வதுபோல டைனமோவிலிருந்து வயர் இழுத்தார். பட்டணத்துக்கு வந்து அக்கா தொலைபேசியில் சொன்னாள்: “அவர் பெடலைச் சுத்தினாத்தான் வெளிச்சம் வருகுது தம்பி. வட்டைக்குள்ள வயல் வேலை செஞ்சிட்டு வாற மனிசன் எவ்வளவு நேரம் சுத்துவார்? கை ஓய்ஞ்சா அணைஞ்சிரும். திரும்பவும் முதல்ல இருந்துதான்.”

நடுவிலிருந்து தொடங்க வழியுண்டா என்று இங்குள்ள கடைக்காரரிடம் கேட்டேன். “ஏன் அணைக்கிறீர்கள்? அப்படியே விடுங்கள்” என்றார். என் அரைகுறை நோர்வேஜியத்தில் சைக்கிளை விளக்கினேன். தகப்பன் உடற்பயிற்சி செய்வதாக விளங்கிக்கொண்டு, “குடும்பமாகச் சேர்ந்து செய்வது நல்லது” என்றார். கடைசியில், எடுத்துக்கொள்ளுங்கள் என்ற அர்த்தத்தில் “வாஷ்கூ” என்று நான்கு பற்றரிகளை இலவசமாக நீட்டினார். நல்ல மனிதர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

பிறகு வதனியின் கடிதம் வந்தது. “மாமா, பாதிப் பாட்டு நல்லா வருகுது. மிச்சம் எப்பிடிப் போகும் எண்டு எழுதி அனுப்புங்கோ.” மகளைக் கீபோர்டிலிருந்து எழுப்பிவிட்டு நானே உட்கார்ந்தேன். விளக்கு எரிந்த கட்டைகளை எண்ணி எண்ணி இலக்கங்களாக எழுதினேன். கடைசி வரியில்தான் உறைத்தது. வெளிநாட்டுக் கடிதம், பக்கம் முழுக்க இலக்கங்கள். அது அக்காவின் பையில்தான் சாவடியைத் தாண்ட வேண்டும். இது பாட்டு என்று அவள் யாரிடம் நிரூபிப்பாள்? இதைவிடச் சின்னச் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களே திரும்பி வரவில்லை.

மிச்சத்தை நானே வந்து வாசித்துக் காட்டுகிறேன் என்று வதனிக்கு எழுதினேன். இலக்கத் தாளைப் பற்றரிகளோடு மேசை லாச்சிக்குள் வைத்தேன். அங்கேதான் என் அகதிப் பயணப் புத்தகமும் கிடக்கிறது: இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும். திரும்பிப் பார்த்தேன். கடைசிக் கட்டையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.