குற்றம் சுசீலாவின் சாதகத்தில் இல்லை

தவமலர் ரீச்சர் பாடசாலை வாசலில் விழுந்துவிட்டார் என்று தொலைபேசி வந்தபோது, நான் தம்பலகாமத்தில் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் இருந்தேன். கை கழுவுவதற்குள் அடுத்த அழைப்பு. எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அது இன்னும் போகவில்லை.

அவர் உயிரியல் படிப்பித்தார், நான் இரசாயனம். ஆசிரியர் அறையில் பக்கத்துக் கதிரை. அவருக்கு முன்பே அவருடைய தம்பி சாம்பல்தீவுக் கரையில் வலை இழுக்கும்போது சரிந்து செத்தான். செத்த வீட்டிலேயே அவர்களின் தாய்மாமா, செத்தவனின் மனைவி சுசீலாவைக் கைகாட்டி, "உன்ர சாதகம்தானடி அவனை விழுங்கினது" என்றார். சனமும் தலையாட்டியது. ரீச்சர் மட்டும் எழும்பி, சுசீலாவையும் மகள் அபியையும் ஓர்ஸ் ஹில்லில் உள்ள தன் வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

பிறகு தன் நெஞ்சை ஸ்கான் பண்ணிப் பார்த்தார். இதயச் சுவர் தடித்திருந்தது. மாமா வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய், வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னார்: "வயித்துக்குள்ள பிள்ளையின்ர இதயத்தசைக் கலங்கள் உருவாகேக்க, எப்பிடி வளரவேணும், எப்பிடிச் சுருங்கவேணும் எண்டு மரபணுதான் சொல்லிக் குடுக்குது. அதில ஒண்டு பிழைச்சால் தசை ஒழுங்கில்லாமல் தடிக்கும். வெளியில ஒண்டும் தெரியாது. உங்கட தங்கச்சி, அதுதான் எங்கட அம்மா, அவாவும் இப்பிடித்தான் திடீரெண்டு போனவா. இது எங்கட இரத்தம், மாமா. அபியை டொக்டரிட்டக் காட்டவேணும். நீங்களும் காட்டுங்கோ."

"வாயை மூடு! வருத்தக்காரக் குடும்பம் எண்டு பேர் வந்தால் என்ர குமர்ப்பிள்ளையளை ஆர் கட்டுவினம்?"

ஊருக்கெல்லாம் சாதகப் பொருத்தம் பார்க்கிற மனுசன் ஒரு ஸ்கானுக்குப் பயந்தார். அபியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஊர்ப்பக்கம் வரவேண்டாம் என்று சுசீலாவையும் வெருட்டினார். "பெரியவரை மீற ஏலாது மச்சாள்" என்று அவள் அழுதாள். ரீச்சர் கத்திப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். என்னிடம் சொன்னார்: "எனக்குச் சாகப் பயமில்லை. அபி மைதானத்தில ஓடேக்கதான் நெஞ்சு பதறுது."

ரீச்சரின் செத்த வீட்டுக்கும் மாமா வந்தார். "ரெண்டாவது ஆளையும் திண்டிட்டாள்" என்றார். சுசீலா எழும்பினாள். "ஓம் மாமா, இனி ஊர்ப்பக்கம் வரமாட்டன். நான் பிள்ளையைக் காட்டப்போறன்."

அடுத்த கிழமை நாங்கள் அபியைக் கொண்டுபோனோம். அவளுக்கும் தசை தடிக்கத் தொடங்கியிருந்தது. நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்றார் டொக்டர். மருந்து தொடங்கியாயிற்று. இனி ஓட்டப்போட்டி இல்லை. பாவம், அதற்குத்தான் பிள்ளை அழுதாள்.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டோடு இந்த நினைவு மலரைக் கொடுப்பவள் சுசீலா. "ஒண்டையும் மறைக்காதேங்கோ அக்கா" என்று அவள் சொன்னாள். அபியும் தலையாட்டினாள். வழமையாக இதில் பொறுமைசாலி, சாந்தமானவர் என்றெல்லாம் எழுதுவோம். ரீச்சர் அப்படியில்லை, பொல்லாத கோபக்காரி. அந்தக் கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.

மாமா, இது உங்கள் கையிலும் வந்திருக்கும். போய் நெஞ்சைக் காட்டுங்கள். மருந்து தந்தால் ஒழுங்காகப் போடுங்கள். நீங்கள் லேசில் செத்துத் தப்பக்கூடாது. நெடுங்காலம் இருந்து, ஒவ்வொரு நல்லது கெட்டதிலும் சுசீலாவின் முகத்தை நேரே பார்க்கவேண்டும்.