யார் எதைப் பார்க்கலாம்?

அறிக்கை தயாரிக்கிறவர்களுக்கு இரண்டு விதமான ஏச்சுத்தான் கிடைக்கும்: "ஏன் இதைக் காட்டினீங்க?" என்பது ஒன்று, "ஏன் இதைக் காட்டேல்ல?" என்பது மற்றது. கணினிக்கு முன்னால் இருந்து இரண்டையும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் சகபாடிகளே, நானும் உங்களில் ஒருத்திதான். வீட்டு வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில், புளியந்தீவில் வேலை. களத்திலிருந்து வரும் விவரங்களை, எண்களும் படங்களுமாக ஒரே திரையில் காட்டும் டாஷ்போர்ட் ஆக்குவேன். ஒவ்வொன்றுக்கும் 'பொது', 'உள்ளகம்', 'இரகசியம்' என்று லேபல் போட்டு, அதற்கேற்றபடி பூட்டுவேன். ஏச்சுக்கு நடுவே எனக்குக் கிடைத்த நல்லவற்றைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

செல்வம் அண்ணனின் வேன்

லேபல் முறை புதிதாக வந்தபோது எங்கள் பணிப்பாளர், "சந்தேகமெண்டா எல்லாத்தையும் இரகசியமாப் போடுங்க" என்று சொல்லிவிட்டார். போட்டோம். அடுத்த நாள் நல்ல மழை. வாகரைப் பக்கம் புறப்பட்ட சாரதி செல்வம் அண்ணன் பாதி வழியில் நின்றுகொண்டு எனக்குப் போன் எடுத்தார். அன்றைக்குப் போகவேண்டிய இடங்களின் விவரம் அவருடைய போனில் திறக்கவில்லையாம். இரகசியம் என்று போட்டதைச் சாரதிகள் பார்க்க முடியாது. அவருடைய பயண விவரத்துக்கும் அதே லேபல்தான்.

இன்னொருவராக இருந்தால் வேனைத் திருப்பிக்கொண்டு வந்திருப்பார். அவர் நான் லேபலை மாற்றும்வரை பொறுமையாக நின்றார். எல்லாவற்றையும் பூட்டுவது பாதுகாப்பு ஆகாது என்று பணிப்பாளருக்கு விளங்கப்படுத்த அவருடைய கேள்வி ஒன்றே போதுமாக இருந்தது. "நான் போற இடம் எனக்கே இரகசியமெண்டா, வேனை எங்க விடுறது தங்கச்சி?"

வரைபடத்தில் ஒரு புள்ளி

நிதி தருகிறவர்கள் ஒருமுறை வரைபடம் கேட்டார்கள். உதவி பெற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நீலப் புள்ளி. பெயர் இல்லை, முகவரி இல்லை. அதனால் 'பொது' என்று லேபல் போட்டேன். அனுப்பமுதல் களப்பணியாளர் ரொசலின் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ டவுணில் ஒரு பறங்கியர் குடும்பத்துப் பெண். ஆனால் வடக்குக் கரையோரத்தில் அவ நடக்காத ஒழுங்கை இல்லை.

அவ படத்தைப் பெருப்பித்துக்கொண்டே போனா. டவுணில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எது யார் என்று கடவுளுக்கும் தெரியாது. வடக்கே போகப் போகப் புள்ளிகள் குறைந்து, கடைசியில் கடலுக்கும் காட்டுக்கும் நடுவே ஒன்றே ஒன்று தனியாக நின்றது. அங்கே வீடும் ஒன்றுதான். அந்த வீட்டுப் பெண் கணவனுக்குத் தெரியாமல் எங்களிடம் வந்துபோகிறவள். இதே வரைபடம் ஊர்க் கூட்டத்திலும் காட்டப்பட இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு அவளுடைய கணவனின் தமையனும் வருவான்.

உடனேயே புள்ளிகளை எடுத்துவிட்டு, பிரதேசம் முழுவதற்கும் ஒரே நிறமாகப் பூசினேன். உதவி பெற்ற பெண்கள் குறைவாக உள்ள இடங்களைப் பக்கத்துப் பிரதேசத்தோடு சேர்த்தேன். அந்தப் பெண் இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறாள். அதற்குக் காரணம், திரையில் விரலை வைத்துக்கொண்டு ரொசலின் அக்கா மெல்லச் சொன்ன ஒரு வசனம்: "இந்தப் புள்ளியில நான் தேத்தண்ணி குடிச்சிருக்கன், புள்ள."

வெறுங்கையோடு போனவர்

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு விரிவுரையாளர் வந்து, ஆய்வுக்காகத் தனித்தனி ஆட்களின் விவரத்தை எக்செல்லில் கேட்டார். டாஷ்போர்ட்டில் இருக்கும்வரை பூட்டு எங்கள் கையில். கோப்பாக வெளியே போனால் அது யார் கைக்கும் போகும். மொத்த எண்ணிக்கை மட்டும் தரலாம் என்று சொல்லிவிட்டுச் சண்டைக்குத் தயாரானேன். அவரோ எழும்பினார். "தராததும் நல்லதுதான் மிஸ். தந்தா அதைக் காக்கிற வேலையும் என்ட தலையில விழும்."

பெயர் சொல்ல மறுத்தவர்

ஒரு நாள் உதவி கேட்டு வந்த அம்மா ஒருவர், பெயரைக் கேட்டதும் எழும்பிவிட்டார். எங்கள் கணக்குப் பிரிவில் அவருடைய சொந்தக்காரர் ஒருவர் வேலை செய்கிறாராம். முகத்தில் காயம் ஆறாமல் இருந்தது. அப்படியே வீட்டுக்குத் திருப்பி அனுப்ப மனம் வராமல், ஆலோசகர் என்னைக் கூப்பிட்டார்.

வேலை பழகுவதற்காக நாங்கள் பொய்ப் பெயரில் போட்டு வைத்திருந்த ஒரு பதிவைத் திறந்து, கணினியை அந்த அம்மாவின் பக்கம் திருப்பினேன். கணக்குப் பிரிவுக்கு எப்படித் தெரியும் என்று காட்டினேன்: வெறும் இலக்கம். பணிப்பாளருக்கும் இலக்கம்தான். ஆலோசகருக்கு மட்டும் பெயர். "உங்களுக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியும் பக்கத்தையும் திறந்தேன். அதிலும் பெயர் மறைந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவர் மறுபடி கதிரையில் இருந்தார். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

போகும்போது என் மேசைக்கு வந்தார். அழுதிருந்தார், ஆனால் முகம் தெளிந்திருந்தது. "என்ட பேர் உங்களுக்குத் தெரியா. நீங்க உங்கட பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லுங்க புள்ள, கோயில்ல ஒரு அருச்சனை செய்யோணும்."

ஊராரின் விவரத்தைக் காப்பதற்கே சம்பளம் வாங்கும் நான், என்னுடைய இரண்டு விவரத்தையும் எந்த லேபலும் போடாமல் அந்த இடத்திலேயே கொடுத்துவிட்டேன்.