ஆஃப் அண்ணனும் பழைய கம்ப்யூட்டரும்

சுவரிலிருந்து பிளக்கை உருவி, அதன் மூன்று பித்தளைக் கால்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மேசைக்கடியில் மல்லாக்க வைக்கிறார். அதற்கப்புறம்தான் கம்ப்யூட்டரில் எதையாவது கழற்றவோ மாட்டவோ அவர் கை போகும். காலையிலிருந்து இது ஏழாவது முறையோ எட்டாவது முறையோ.

லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பத்தாறு. வேலையிடத்தில் எல்லோருக்கும் அவர் 'ஆஃப் அண்ணன்'. எங்கே எது கெட்டுப்போனது என்று சொன்னாலும், முதல் கேள்வி "ஆஃப் பண்ணியாச்சா?" என்பதுதான். லிஃப்ட் குழிக்குள் இறங்குமுன் மேலே ஏறிப்போய் ஃப்யூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "என் உசுரு என் பையில இருக்கணும். இன்னொருத்தன் கையில இருக்கக் கூடாது." பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கூட வேலை பார்த்தவர் குழிக்குள் இருக்கும்போது யாரோ சுவிட்சைப் போட்டுவிட, அந்த மனிதருக்கு இரண்டு விரல் போயிற்று. அன்றிலிருந்து கரண்டு ஓடுகிற எதையும் இவர் தொட்டதில்லை.

வீட்டிலும் அதே சட்டம். விளக்கைத் துடைப்பதென்றாலும் பிளக் வெளியே வந்தாக வேண்டும். ஒருமுறை 'தொடாதே, ஆள் உள்ளே' என்று எழுதிய சிவப்பு அட்டையை மிக்சி சுவிட்சில் மாட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மனைவி போன் போட்டு, "மிக்சிக்குள்ள யாருங்க இருக்கா?" என்று நிதானமாகக் கேட்டார். இவர் பிடுங்கிப் பிடுங்கியே வீட்டிலுள்ள பிளக் ஓட்டையெல்லாம் தொளதொளத்துப் போய்விட்டது என்பது அந்த அம்மாவின் தீராத புகார்.

அன்றைக்கு இரண்டு மணிக்கு மனைவிக்குத் தேர்வு. மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து கொடுக்கும் வேலைக்காக. வருடத்துக்கு ஒருமுறைதான் ஆள் எடுப்பார்கள். நாற்பது நிமிடம், கம்ப்யூட்டரில் மட்டும், போன் செல்லாது. வக்கீல் அலுவலகத்தில் ஒன்பது வருடம் தட்டச்சு செய்தவர், மகள் பிறந்ததும் வேலையை விட்டார். ஏழு வருடமாயிற்று. இந்த இரண்டு மாதமாக அவர் விரல்கள் சும்மா இருந்ததில்லை. சாப்பாட்டு மேசையின் விளிம்பில், தலையணையில், குழாயடியில் வாளி நிறைவதற்குள் அதன் வாயோரத்தில் கூட அடித்துப் பழகினார்.

நூலகத்தில் ஒரு கம்ப்யூட்டரை மனைவி முன்பதிவு செய்து வைத்திருந்தார். வியாழக்கிழமை அதை ரத்து செய்ய வைத்தது இவர்தான். "எதுக்கும்மா அவ்வளவு தூரம்? வீட்லயே எழுது. நான் ரெடி பண்ணித் தரேன்." ஏதோ ஓர் அலுவலகம் வேண்டாமென்று ஒதுக்கி, லிஃப்ட் பழுதுபார்க்கப் போன இவர் தோளில் சுமந்து கொண்டுவந்த கம்ப்யூட்டர் அது. அதிலிருந்த கிழட்டு விண்டோஸைத் தேர்வுப் பக்கம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டால் ஓடும் என்று மைத்துனர் ஒரு பென் டிரைவையும், என்னென்ன செய்ய வேண்டுமென்று எழுதிய ஒரு தாளையும் கொடுத்திருந்தார். நூலகத்து இடம் வெள்ளிக்கிழமையே வேறு யாருக்கோ போய்விட்டது.

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தார். தாளில் சொன்னபடி, கம்ப்யூட்டர் கண் விழித்ததும் வருகிற, அமைப்புகளை மாற்றும் நீலப் பக்கத்துக்குப் போய், தேதியைத் திருத்தி, ஹார்ட் டிஸ்க்கைப் படிக்கும் முறையை மாற்றி, சேமித்தார். லினக்ஸ் ஏறுவதைக் காட்டும் பச்சைக் கோடு முக்கால் மணி நேரம் ஊர்ந்தது. எல்லாம் முடிந்தது, பென் டிரைவை எடுத்துவிட்டு மறுபடி துவக்குங்கள் என்று திரை சொன்னது. துவக்கினார். கறுப்புத் திரை. மூலையில் ஒரே வரி: துவக்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை.

இரண்டாவது முறை நீலப் பக்கத்துக்குப் போனால், மாற்றி வைத்ததெல்லாம் திரும்பப் பழையபடியே கிடந்தது. சேமிக்க மறந்திருப்பேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி மாற்றினார். மறுபடி முக்கால் மணி நேரம். மறுபடி அதே வரி. டிஸ்க் கம்பியைக் கழற்றி மாட்டினார். மூன்றாவது முறையும் கறுப்புத் திரை வந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. மைத்துனர் போனை எடுக்கவில்லை. மனைவியின் விரல்கள் மேசை விளிம்பில் அடிப்பதை நிறுத்தியிருந்தன. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

நான்காவது முறை நீலப் பக்கத்தைத் திறந்தார். மனைவி பின்னால் வந்து நின்றார்.

"காலையில என் கண் முன்னாடிதானே இன்னைக்குத் தேதி போட்டீங்க?"

"ஆமா. மூணு தடவை போட்டேன்."

"இப்ப பாருங்க. ஜனவரி ஒண்ணு. நமக்குக் கல்யாணமே ஆகாத வருஷம்."

அவர் திரையில் விரலை வைத்து வருடத்தைப் படித்தார்.

"நீங்க பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் இது எல்லாத்தையும் மறந்துடுதுங்க."

பென் டிரைவை எடு என்று திரை சொன்ன ஒவ்வொரு முறையும், கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கை உருவி மல்லாக்க வைத்து, அதன் பிறகே பென் டிரைவில் கை வைத்திருக்கிறார். உள்ளே ஞாபகத்தைக் காத்து வைக்கிற சின்ன பேட்டரி எப்போதோ செத்துப்போயிருக்கிறது. சுவர்க் கரண்டு போன கணமே சேமித்தது எல்லாம் போய், டிஸ்க்கைப் படிக்கும் முறையும் பழையதுக்கே திரும்பி, டிஸ்க் அதன் கண்ணில் படாமல் போயிருக்கிறது. லினக்ஸ் முதல் முறையே ஒழுங்காக ஏறிவிட்டது. நன்றாக இருந்ததைத்தான் இரண்டு தடவை அழித்து எழுதியிருக்கிறார்.

"அப்ப நான்தான்..." என்று ஆரம்பித்தார்.

"அதை ராத்திரி பேசிக்கலாம். பேட்டரி எப்படி இருக்கும்?"

நாணயம் மாதிரி இருக்கும் என்றார். மனைவி சமையலறைக்குள் போய், மாவு நிறுக்கிற சின்னத் தராசைக் கவிழ்த்து, கரண்டிக் காம்பால் நெம்பி ஒரு பேட்டரியை எடுத்து வந்தார். திறந்து கிடந்த கம்ப்யூட்டருக்குள் தெரிந்த பேட்டரியிலும் இதிலும் ஒரே எண் அச்சிட்டிருந்தது. பிளக்கை நோக்கிப் போன அவர் கை பாதியில் நின்றது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"பிடுங்குங்க. இதுதான் கடைசி."

தராசுப் பேட்டரி உட்கார்ந்தது. தேதி, டிஸ்க், சேமிப்பு. ஒன்று முப்பத்தைந்துக்கு லினக்ஸ் திரை விரிந்தது. ஒன்று நாற்பதுக்குத் தேர்வுப் பக்கம் மறுப்புச் சொல்லாமல் திறந்தது. மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த அதிர்வுக்கே திரை பட்டென்று அணைந்தது.

சுவரில் பிளக் தலை தொங்கிக்கொண்டிருந்தது. அழுத்தினார், பிடித்தது. விட்டார், சரிந்தது. பக்கத்து ஓட்டையும் அதே கதி. ஒட்டுநாடா சுவரின் பெயின்ட்டைத்தான் உரித்துக்கொண்டு வந்தது. எக்ஸ்டென்ஷன் கம்பி வேலையிடத்தில் கிடந்தது. மணி ஒன்று ஐம்பத்தெட்டு.

அவர் மேசைக்கடியில் புகுந்து, சுவரோரம் முட்டி மடக்கி உட்கார்ந்தார். உள்ளங்கையைப் பிளக்கின் மேல் வைத்து அழுத்தினார். மனைவி கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டதும் மறுபடி பக்கம் விரிந்தது. தேர்வு நேரம் ஓட ஆரம்பித்தது.

மனைவி குனிந்து பார்த்தார். "கரண்டு ஓடுதுங்க அதுல."

"தெரியும். நீ அடி."

தலைக்கு மேல் விசைகள் முதலில் தயங்கின. பிறகு ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சடசடவென்று விழத் தொடங்கின. சட்டைப் பையில் போன் அதிர்ந்து ஓய்ந்தது. பிளக் லேசாகச் சூடாவது உள்ளங்கைக்குத் தெரிந்தது. இருபதாவது நிமிடத்தில் வலது கை மரத்துப்போனது. இடது கையைக் கொண்டுவந்து அதன் மேல் வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டு, அடியிலிருந்த கையை, பிளக் அறியாதபடி, ஒவ்வொரு விரலாக உருவினார்.